வீடு தேடி வர வேண்டிய கட்டு

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் நமது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் அன்று முதல் வீட்டு வாசலுக்கு வருகின்றன. படுக்கையில் இருப்போருக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வயிற்றின் வழியே தாமே செய்துகொள்ளும் டயாலிசிஸ் பைகளும் அதே திட்டத்தில் வழங்கப்படுகின்றன. இத்தகைய முயற்சியை மனமாரப் பாராட்டும் நாங்கள், அதற்கு ஒரு கோரிக்கையையும் வைக்க விரும்புகிறோம். சுகாதாரத் தன்னார்வலர் தோளில் சுமந்து வரும் அந்தப் பையில், ஆறாத புண்ணுக்கான நீர்க்கூழ்மக் கட்டும் இடம்பெற வேண்டும். ஏன் என்பதை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருந்தால்தான் கோரிக்கை வலுப்பெறும் என்பதால் இதனைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நீர்க்கூழ்மம் என்பது புதிய சொல்லாகத் தோன்றலாம், பொருள் புதிதன்று. கோடையில் நாம் உண்ணும் நுங்கு இயற்கை செய்த கூழ்மம். நீரில் ஊறிய சப்ஜா விதையைச் சுற்றிப் படரும் வழவழப்பும் அதுவே. ஒரு வலைக்குள் நீர் பிடிபட்டு நிற்கிறது. வலை நீரைக் கீழே வழியவிடுவதில்லை, நீர் வலையைச் சுருங்கவிடுவதில்லை. அதே வலையை ஆலையில் பாலிமர் இழைகளால் பின்னினால் அது செயற்கை நீர்க்கூழ்மம். குழந்தையின் டயாபருக்குள் உப்பி நிற்கும் மணிகளும், கண்ணில் அணியும் மென்மையான கான்டாக்ட் லென்சும் இவ்வினத்தவை. ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் தடவப்படும் குளிர்ந்த ஜெல்லும் ஏறத்தாழ இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. எனவே ‘ஜெல் கட்டு’ என்று மருத்துவர் சொல்லும்போது ஐயுறுவதற்கு ஒன்றுமில்லை. அது ஏறக்குறைய நீர்தான். நல்ல கூழ்மத் தகடு ஒன்றின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு வரை நீராகவே இருக்கக்கூடும்.

இனி, இப்போது நடப்பது என்ன என்று பார்ப்போம். ஜவளகிரியை ஒட்டிய சிற்றூர்களில் ஒருவருக்கு உள்ளங்காலில் சர்க்கரைப் புண் என்று வைத்துக்கொள்வோம். கேழ்வரகுக் காட்டில் வெறுங்காலுடன் நடந்தபோது முள் தைத்திருக்கும். காலில் உணர்ச்சி குன்றியிருப்பதால் தைத்ததே தெரிந்திருக்காது. நாங்கள் புண்ணைச் சுத்தம் செய்து, காஸ் துணியால் கட்டி, ‘தினமும் கட்டு மாற்ற வேண்டும்’ என்று எழுதி அனுப்புகிறோம். மருத்துவ நூலின்படி அதில் பிழையில்லை. ஆனால் அந்த ஒரு வரியின் விலையை யார் கொடுக்கிறார்கள்? தளி வழியாகப் பேருந்து பிடிக்க வேண்டும். துணைக்கு மகனோ மகளோ வர வேண்டும். அவர் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாகவோ, பசுமைக்குடிலில் ரோஜாப் பறிப்பவராகவோ இருப்பார். அன்றைய கூலி போயிற்று. காட்டை ஒட்டிய சாலையில் யானை நடமாட்டம் உண்டென்பதால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். முதல் வாரம் தவறாமல் வருகிறார்கள். இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள். மூன்றாம் வாரம் வருவதில்லை. அதன்பின் அவர்களை நாங்கள் பார்க்கும்போது கால்விரல் கறுத்திருக்கிறது. இதனை ‘நோயாளியின் அலட்சியம்’ என்று குறிப்பேட்டில் எழுதும் வழக்கத்தை எங்களால் ஏற்க இயலவில்லை. ஒரு புண்ணுக்காக ஒரு குடும்பம் எத்தனை நாள் கூலியை இழக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. சிகிச்சையை வகுப்பவர்கள் அந்த எல்லைக்குள்தான் வகுக்க வேண்டும்.

தினமும் மாற்றும் காஸ் கட்டு பணத்தை மட்டுமன்றிப் புண்ணையும் வருத்துகிறது. உலர்ந்த துணி புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்தெடுக்கும்போது, முந்தைய இரவு விளிம்பிலிருந்து தவழ்ந்து வந்த புதுத் தோலின் மெல்லிய படலமும் சேர்ந்து வருகிறது. கட்டவிழ்க்கும் அறையிலிருந்து எழும் அலறலைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். ‘புண் காற்றாட இருக்க வேண்டும், காய வேண்டும்’ என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. 1962இல் இலண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் இளம் பன்றிகளின் தோலில் ஆழமற்ற புண்களை உண்டாக்கி, சிலவற்றைக் காய விட்டும் சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடி ஈரமாக வைத்தும் ஒப்பிட்டார். மூடிய புண்களில் தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாக வளர்ந்து மூடியது. பொருக்குத் தட்டிய புண்ணில் தோலணுக்கள் அந்தப் பொருக்கின் அடியில் ஈரம் தேடித் துளைத்துக்கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. ஈரமான புண்ணில் அவை நேரே நகர்கின்றன. இன்றைய புண் மருத்துவம் பெரும்பாலும் இந்தக் கண்டறிதலின்மேல் நிற்கிறது.

ஆயினும் ஈரம் என்றால் ஊறிப்போதல் அன்று. மிகுந்த ஈரத்தில் சுற்றுத்தோல் வெளுத்து நைந்துவிடும். காய்ந்த இடத்திற்கு நீர் கொடுக்க வேண்டும், கசியும் இடத்தில் நீரை வாங்கிக்கொள்ளவும் வேண்டும். ஒரே பொருள் இரண்டையும் செய்தாக வேண்டும். நீர்க்கூழ்மத்தை வடிவமைப்பவரின் திறமை இங்கேதான் சோதிக்கப்படுகிறது. அவர் கையில் இருக்கும் முதன்மையான கருவி, இழைகளுக்கிடையே போடும் முடிச்சுகளின் எண்ணிக்கை. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னல் நெருக்கமானால் கட்டில் விறைப்பாக நிற்கும், ஆனால் உடம்புக்கு இசையாது. தளர்ந்தால் சுகமாக இருக்கும், விரைவில் தொய்ந்து அறுந்துவிடும். கூழ்மமும் அவ்வாறே. முடிச்சுகள் கூடினால் வலுக்கூடும், ஆனால் நீர் கொள்ளும் அளவு குறையும். குறைந்தால் நிறைய நீர் கொள்ளும், ஆனால் கையிலெடுக்கும்போதே கிழியும். குதிகாலின் வளைவில் படிய வேண்டும், எடுக்கும்போது துண்டு துண்டாகப் புண்ணில் தங்கக் கூடாது, அவிழ்க்காமலே புண்ணைப் பார்க்கும்படி கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும், வெளியிலுள்ள கிருமியை உள்ளே விடக் கூடாது. இவை அனைத்தையும் ஒரே தகட்டில் நிறைவேற்ற வேண்டியிருப்பதால்தான் இத்துறையில் இத்தனை ஆண்டுகளாக ஆய்வு நடந்துவருகிறது.

இதன் வரலாறு பிராக் நகரில் தொடங்குகிறது. ஓட்டோ விக்டெர்லே, டிராகோஸ்லாவ் லிம் என்ற இரு வேதியியலாளர்கள், உடலுக்குள் வைக்கும் பொருள் உடலைப்போல் நீர் நிறைந்ததாக இருக்க வேண்டும் என்று கருதி, மெத்தக்ரிலேட் வகைப் பாலிமர் ஒன்றை உருவாக்கி 1960இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டின் இறுதியில் விக்டெர்லே தம் வீட்டில், பிள்ளைகளின் இயந்திர விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு ஒரு சுழற்கருவி அமைத்து, உலகின் முதல் மென் கான்டாக்ட் லென்சுகளை வார்த்தெடுத்தார். கருவியை ஓட்டியது மிதிவண்டி டைனமோ என்பர். பெருஞ்செலவில் அமைந்த ஆய்வகம் இருந்தால்தான் நல்ல மருத்துவப் பொருள் பிறக்கும் என்று எண்ணுவோர்க்கு இந்தச் செய்தியை நாங்கள் அடிக்கடி சொல்வதுண்டு.

புண்கட்டுக்கு உரிய தகடு வந்தது வேறு வழியில். 1980களில் போலந்து நாட்டின் ஊட்ஜ் நகரைச் சேர்ந்த யானுஷ் ரோசியாக்கும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய முறையைக் கண்டனர். பாலிமரையும் அகாரையும் நீரில் கரைத்துத் தட்டில் ஊற்றி, உறையிட்டு மூடி, கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது. கதிர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: இழைகளுக்கிடையே முடிச்சுப் போடுகிறது, கிருமிகளையும் கொல்கிறது. முடிச்சுப் போடுவதற்கென்று தனி வேதிப்பொருள் சேர்க்கத் தேவையில்லை. ஆகவே அதன் எச்சம் புண்ணில் இறங்குமோ என்ற கவலையும் இல்லை. நம் நாட்டில் மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் இதே நெறியில் பாலிவினைல் ஆல்கஹாலை முதன்மையாகக் கொண்ட கூழ்மக் கட்டை உருவாக்கி, தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனங்களுக்குக் கைமாற்றியது. தீப்புண்ணுக்கும் ஆறாப் புண்ணுக்கும் அது பயன்படுகிறது.

‘அணு மையம் செய்தது’ என்றவுடன் ‘கதிர் உடம்பில் ஏறுமா, ஐயா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஏறாது. காமாக் கதிர் பட்ட பொருள் தானே கதிர் வீசும் பொருளாக மாறிவிடாது. வெயிலில் காயவைத்த வடகம் இருட்டறையில் ஒளி வீசுவதில்லை அல்லவா? நீங்கள் அறியாமலே பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ஊசிகளும் கையுறைகளும் பல இவ்வாறு கிருமி நீக்கப்பட்டவையே. டிராம்பேயிலுள்ள ‘ஐசோமெட்’ நிலையம் 1974 முதல் இதனைச் செய்துவருகிறது.

ஆக, பொருள் உண்டு, நம் நாட்டுத் தொழில்நுட்பமும் உண்டு. பிறகு ஏன் நம் எல்லைப்புறச் சிற்றூருக்கு அது எட்டவில்லை? கேட்டால், ‘விலை அதிகம்’ என்ற விடையே வருகிறது. ஒரு காஸ் துணியின் விலையோடு ஒரு கூழ்மத் தகட்டின் விலையை ஒப்பிட்டால் விடை சரியே. ஆனால் இந்த ஒப்பீட்டை நாங்கள் ஏற்கவில்லை. காஸ் தினமும் மாற்றப்படுவது. கூழ்மத் தகடு, புண்ணின் தன்மையைப் பொறுத்து, இரண்டு மூன்று நாள் இருக்கக்கூடியது. எனவே ஒருபக்கம் மூன்று காஸ் கட்டு, மூன்று நாள் பேருந்துச் செலவு, இருவருடைய மூன்று நாள் கூலி. மறுபக்கம் ஒரு தகடு. மருந்துக் கிடங்கின் கணக்கேட்டில் நோயாளியின் கூலிக்கு ஒரு பத்தி இல்லாததால்தான் காஸ் மலிவாகத் தெரிகிறது. அந்தச் செலவு நின்றுவிடவில்லை. அரசின் ஏட்டிலிருந்து குடும்பத்தின் தலைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

விலை என்பது மாறாத விதியும் அன்று. கண்புரை அறுவைக்குப்பின் கண்ணுக்குள் வைக்கும் லென்சின் கதை தமிழ்நாட்டினர் அனைவருக்கும் பெருமை தருவது. அதுவும் விக்டெர்லேயின் பொருளுக்கு உறவான மெத்தக்ரிலேட் பாலிமரால் ஆனதே. வெளிநாட்டிலிருந்து வந்த லென்சு ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு அதனைச் செய்து கொடுத்தனர். தரம் குறையும் என்று அன்று சொன்னவர்கள் இருந்தனர். இன்று அந்த லென்சுகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன. விலை குறைந்ததற்குக் காரணம் புதிய வேதியியல் அன்று. வாங்குவோர் இலட்சக்கணக்கில் இருப்பார்கள் என்று உறுதியாகத் தெரிந்தபின் செய்யப்பட்ட தயாரிப்பு அது. கூழ்மக் கட்டுக்கு அந்த உறுதியை அளிக்கக்கூடிய அமைப்பு நம்மிடமே இருக்கிறது: 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைக்கும் கலையில் அது பிற மாநிலங்களுக்கு முன்னோடி. சர்க்கரைப் புண்ணுக்கும் தீப்புண்ணுக்குமான கூழ்மத் தகட்டை ஆரம்ப சுகாதார நிலையம்வரை செல்லும் பொருளாக அது கொள்முதல் செய்ய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இதை எழுதும்போது மிகைப்படுத்தாதிருப்பதும் எங்கள் கடமை. சர்க்கரைப் புண்ணுக்குக் கூழ்மக் கட்டைப் பயன்படுத்திய ஆய்வுகளைத் திரட்டி 2013இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, ஆழமற்ற புண்களில் அது சாதாரணக் கட்டைவிட மேலாக இருக்கலாம் என்றது. ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் முழு நம்பிக்கைக்கு உரியதாக இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. ஆதலால் ‘இதைப் போட்டால் புண் உறுதியாக ஆறும்’ என்று எவரேனும் விற்றால் நம்பாதீர்கள். புண் ஆறுவதற்கு முதலில் வேண்டியது காலுக்கு இரத்த ஓட்டம். இரண்டாவது, புண்ணின்மேல் உடல்பாரம் விழாமை. எந்த உயர்ந்த கட்டின்மேலும் நடந்துகொண்டே இருந்தால் புண் ஆறாது. மூன்றாவது, சர்க்கரையின் கட்டுப்பாடு. இவை மூன்றும் இருக்கும்போதுதான் கட்டுக்கு வேலை. கருத்து உலர்ந்த விரலின்மேல் கூழ்மம் போடக் கூடாது. அந்த உலர்ந்த திசு ஈரமானால் கிருமி புகும். சீழ் வடியும் புண்ணையும், நீர் ஆறாய்க் கசியும் புண்ணையும் தகட்டால் மூடிவைத்தல் தீங்காகும். காய்ச்சல், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, நாற்றம் இவற்றில் ஒன்று தோன்றினாலும் மூன்று நாள் கணக்கைப் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

தீப்புண்ணைப் பற்றித் தனியே ஒரு சொல். வார்ப்பாலையில் தெறிக்கும் உலோகம், வண்டியின் சைலன்சர், அடுப்பங்கரையில் கவிழும் குழம்பு என நம் பகுதியில் இதற்குக் காரணங்கள் பல. பற்பசை, காப்பித்தூள், மஞ்சள், மை ஆகியவற்றைப் பூசிக்கொண்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறோம். அவற்றைக் கழுவி எடுப்பதே நோயாளிக்கு இரண்டாவது வேதனை. சுட்ட இடத்தை உடனே ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள்; பனிக்கட்டி வேண்டாம். கூழ்மத் தகடு குளிர்ச்சி தந்து வலியைத் தணிக்கும் என்பது உண்மையே. எனினும் அது குழாய்நீருக்கு மாற்றாகாது, அதற்குப் பின் வருவது.

கூழ்மம் என்பதனாலேயே எல்லாம் தீங்கற்றது என்றும் கொள்ளலாகாது. சீனாவில் மார்பகத்தைப் பெரிதாக்கப் பாலிஅக்ரிலமைடு கூழ்மத்தை ஊசிமூலம் உடலுக்குள் செலுத்திவந்தனர். அது இடம்பெயர்ந்தது, கட்டிகளையும் வீக்கத்தையும் உண்டாக்கியது. 2006இல் அந்நாட்டு அரசே தடை விதித்தது. தோலின்மேல் ஒட்டி எடுப்பது ஒன்று, எடுக்கமுடியாதபடி உள்ளே செலுத்துவது வேறொன்று. அழகு நிலையங்களில் ‘ஜெல் ஊசி’ என்று சொல்லி எதையேனும் செலுத்த முன்வந்தால், அது என்ன பாலிமர், யார் அனுமதித்தது, திரும்ப எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

ஆய்வகங்களில் இன்று இதைவிட வியப்பானவை உருவாகின்றன. உடல் வெப்பத்தில் தானே இறுகும் கூழ்மம், சர்க்கரை கூடினால் மருந்தை விடும் கூழ்மம் என ஆண்டுதோறும் கட்டுரைகள் குவிகின்றன. அவற்றை நாங்கள் ஆர்வத்துடன் படிக்கிறோம், சற்றே சலிப்புடனும் படிக்கிறோம். பெரும்பாலான சோதனைகள் நலமாயிருந்த எலியின் முதுகில் அன்று காலை வெட்டிய தூய புண்ணின்மேல் செய்யப்படுகின்றன. எங்கள் நோயாளியின் புண்ணுக்கு வயது மூன்று மாதம். அது உள்ளங்காலில் இருக்கிறது. அதன் உரிமையாளர் நாளை மாட்டுக்குப் புல்லறுக்கப் போகவேண்டியவர். எங்களிடம் கேட்டால், வடிவமைப்பவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் குறிப்பு மிக எளியது. குளிர்பெட்டி இல்லாத தகரக்கூரை வீட்டில் மே மாதம் முழுதும் கெடாமல் இருக்க வேண்டும். உறை பிரித்தபின் விளிம்பு காய்ந்து சுருளாதிருக்க வேண்டும். வெள்ளெழுத்துக் கண்ணுடைய மனைவி தன் கணவனின் காலுக்கு ஒருகையால் பிடித்து மறுகையால் ஒட்டக்கூடியதாக இருக்க வேண்டும். மாற்றவேண்டிய நேரம் வந்ததைத் தகடே நிறத்தாலோ வேறுவழியாலோ காட்டுமானால் நூறு அறிவுரைகள் மிச்சமாகும். இவற்றுள் எதுவும் பரிசு பெறும் ஆய்வுத் தலைப்பு ஆகாது என்பதை அறிவோம். ஆயினும் ஒரு காலைக் காப்பது பல சமயம் இவைதாம்.

கோரிக்கை நிறைவேறும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வீட்டுக்கு அனுப்பும் நாளில், ‘தினமும் கட்டு’ என்று எழுதப்பட்டிருந்தால், ‘எங்களால் தினமும் வர இயலாது, வேறு கட்டு உண்டா?’ என்று தயங்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குக் கடைசிப் பேருந்து, துணைக்கு யார் என்பதையும் சொல்லுங்கள். புண்ணின் அளவைப்போல் அதுவும் எங்களுக்கு வேண்டிய விவரமே. தன்னார்வலர் மாத்திரையோடு வரும்போது காலையும் காட்டுங்கள். உள்ளங்காலைப் பார்க்க அவருக்குச் சில நிமிடங்கள் போதும்.

அரசு இத்தகட்டை வாங்கும் நாள் வந்தால், இன்னொன்றையும் கவனிக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைக்கிறோம். ஜவளகிரிப் பக்கத்தில் ஒரே தெருவில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் வழங்குகின்றன. பெங்களூருக்கும் ஆனேக்கலுக்கும் ஓசூருக்கும் மாறிமாறிச் சிகிச்சைக்குச் செல்லும் குடும்பங்கள் இவை. எப்போது ஒட்டுவது, எப்போது எடுப்பது, எப்போது ஒட்டவே கூடாது என்னும் விவரங்கள் உறையின்மேல் மூன்று மொழியிலும், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படமாகவும் அச்சிடப்பட வேண்டும்.